நஞ்சுண்டன் எட்டிப் பார்த்த கடல்

போன வாரம் ஜூஜுவாடியில் செய்தி சேகரிக்கக் காத்திருந்தபோது, நஞ்சுண்டனோடு வேலை பார்த்த சண்முகம் போனில் கூப்பிட்டார். "அண்ணன் போயிட்டாரு சார்" என்றார். நஞ்சுண்டனுக்கு மாரடைப்பு. ஜவளகிரியில் அவர் வீட்டிலேயே உயிர் பிரிந்திருந்தது.

ஓசூர்த் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டராகத் தெரியும். கூரைக்கடியில் ஓடும் கிரேன் பழுதானால் ஒருவர் மேலே ஏறி எட்டிக் குனிவார். இன்னொருவர் பின்னால் நின்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். பாதுகாப்புக் கயிறு வந்த பிறகும் அவர்கள் இதை விடவில்லை. "புடிச்சவன் வேற எதையும் நெனைக்கக் கூடாது" என்பார் நஞ்சுண்டன்.

ஆண்டுப் பராமரிப்பு முடிந்ததும் அந்தப் பிரிவினர் வேன் எடுத்துச் சுற்றுலா போவார்கள். ஒருமுறை, தொழிற்சாலைச் செய்திகள் எழுதும் நிருபரான நானும் அவர்களோடு போனேன். கர்நாடகக் கடற்கரையில், கும்டாவுக்கு அப்பால், கடல்மேல் செங்குத்தாக நிற்கும் சிவந்த பாறைகள். தடுப்பு எதுவும் கிடையாது. கீழே அலை மோதுவது உள்ளங்காலில் தெரிந்தது.

சண்முகம் திருநெல்வேலிக்காரர். அந்தப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அவர் சுவிட்சைப் போட்டபோது சக தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கிப் போயிருந்தது. விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்றார்கள். அவர் அதை ஏற்கவில்லை. மற்றவர்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு விளிம்பை நோக்கி நடந்தார்.

நஞ்சுண்டன் ஓடவுமில்லை, கத்தவுமில்லை. சண்முகத்தின் பின்னாலேயே போனார். நானும் போனேன்.

"சண்முகம், எனக்குக் கீழ அலையப் பாக்கணும். பெல்ட்டப் புடி."

"வேற ஆளக் கூப்பிடுங்கண்ணே. எங்கிட்ட எதுக்கு வாறிய?"

"புடிப்பா."

பிடித்தாரா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே சாய்ந்தார். சண்முகம் பாய்ந்து பெல்ட்டைப் பற்றினார். குதிகாலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி நின்றார். வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு பின்வாங்கி உட்கார்ந்தார்கள்.

"என்னா கனம்ணே" என்றார் சண்முகம்.

"களி தின்ன ஒடம்பு" என்றார் நஞ்சுண்டன். அதன் பிறகுதான் சண்முகம் அழுதார்.

சண்முகம் பிடிக்காமல் இருந்திருந்தால் என்று திரும்பும் வழியில் நஞ்சுண்டனிடம் கேட்டேன். "புடிப்பான் சார்" என்றார். அப்போது அவருக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். அவர் செய்தது சரியா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அவரைப் பற்றி நான் நினைவில் வைத்திருப்பது, பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்த அந்த முகத்தை. அலையைப் பார்க்க வேண்டும் என்றவர், சாய்ந்திருந்த நேரம் முழுவதும் கண்களை இறுக மூடியிருந்தார்.