சஷ்டிக்கு விட்ட மாத்திரை

என் மனைவி மாத்திரை போடும்போது சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். இருந்தாலும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்துவிட்டது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயத்தில், எவர் கண்ணிலும் படாமல் மாத்திரை போடப் பழக்கிவிட்டார்கள். பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

என்னிடம் அவள் மறைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, காபித் தம்ளரை நீட்டியபடி, "எனக்கு வலிப்பு இருக்கு. தெரிஞ்சுக்கிட்டுச் சரின்னு சொல்லுங்க" என்றாள். நான் வில்லாபுரத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. "பொழுதுக்கும் எரிஞ்ச மோட்டாரோட இருக்கவன் நான், எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். சாம்பாரில் உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னால் போதும், "மோட்டாருக்குச் சமைக்கத் தெரியுமாக்கும்?" என்பாள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே ஊர் கேட்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் நேராகக் கேட்க மாட்டார்கள். "விசேஷம் எதுவும் உண்டா?" என்பார்கள். பட்டறைக்கு வருகிற சேக்காளிகளுக்கு அந்த மரியாதையும் கிடையாது. "ஊரு மோட்டாரையெல்லாம் ஓட விடுற, ஒன் வீட்டுக்குத் தண்ணி ஏறலையே மாப்ள" என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நன்றாகச் சொல்லப்பட்ட பேச்சு என்மேலேயே விழுந்தாலும் ரசிக்கிற புத்தி எனக்கு. ஆனால் அதை வீட்டில் போய்ச் சொன்னதில்லை.

குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இருக்கவில்லை. முதல் தடவை நரம்பு டாக்டரம்மாவிடம் ஆசையைச் சொன்னபோதே அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மதுரைக்காரர்தான், என்னைவிட வயதில் இளையவர். "நல்லவேளை, முன்னாடியே கேட்டீங்கண்ணே" என்றார். அவள் சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட மாத்திரை வலிப்பை நன்றாகப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு அது கெடுதல் செய்யக்கூடியது. அதற்காக அதை வீட்டிலேயே பட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். அதனால் புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட். புது மாத்திரையில் ஒரு வருஷம் வலிப்பே வராமல் இருந்துவிட்டால், அப்புறம் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

"அந்த மாத்திரை என்னதான் பண்ணுது டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் மனசு அடங்கும்.

"மூளையில எப்பவும் சின்னச் சின்னதா கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும்ணே. இவங்களுக்குச் சில நேரம் ஒரு இடத்துல தாறுமாறாக் கிளம்பி, எல்லா இடத்துக்கும் பரவிருது. மாத்திரை அதைப் பரவ விடாம அடக்கி வைக்குது. நோயை வேரோட எடுத்துர்றதில்ல."

"ஸ்டெபிலைசர் மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா ஸ்டெபிலைசரை ஒரு தடவை மாட்டினாப் போதும். மாத்திரை ரத்தத்துல கரைஞ்சு, நேரம் ஆக ஆகக் குறைஞ்சுக்கிட்டே வரும். ரொம்பக் குறையறதுக்குள்ள அடுத்தது உள்ள போகணும். அதனாலதான் காலையும் ராத்திரியும் ஒரே நேரம்னு சொல்றோம்."

வெளியே வந்ததும் என் மனைவி, "ஒரு வருசந்தானங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்றாள்.

ஓடவில்லை. ஊர்ந்தது. பழைய மாத்திரை முழுதாக நின்றபோது அவளுக்குக் கொஞ்ச நாள் எரிச்சலும் கோபமுமாக வந்தது. அது புது மாத்திரையின் வேலையாக இருக்கலாம் என்று டாக்டரம்மா அளவைத் திருத்தினார். பிறகு உடம்பு ஏற்றுக்கொண்டது. வலிப்பு வரவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது தொட்டில் கட்டினால் போய் இரண்டு தடவை ஆட்டிவிட்டு வருவாள். கார்த்திகை பிறந்தால் அந்த வருஷம் நிறைந்துவிடும். அதற்கு முன்னால் ஐப்பசியில் சஷ்டி வந்தது.

பிள்ளை வேண்டும் பெண்கள் திருப்பரங்குன்றத்தில் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, மண்டபத்திலேயே தங்கி, சூரசம்ஹாரம் முடியும் வரைக்கும் பாலும் பழமுமாக விரதம் இருப்பார்கள். அவளும் இருக்க ஆசைப்பட்டாள். நானும் ஆசைப்பட்டேன். போர்வை, மாற்றுச் சேலை, மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் விட்டேன்.

பட்டறையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். மண்டபம் முழுக்கப் பெண்கள். ஈரச் சேலைகளும் திருநீறும் கலந்த ஒரு வாசம். எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். அவள் பக்கத்தில் ஒரு அக்கா படுக்கை விரித்திருந்தார். மகன் வீட்டில் பேரன் பிறக்க வேண்டும் என்று இருக்கிறவர். பேச்சில் சூராதி சூரர். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாருடி ஒன் வீட்டு முருகன், கையில வேலத்தேன் காணோம்" என்று ஆரம்பித்துவிடுவார். அவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் யாருக்கோ தலைவலி என்று மாத்திரை தேடியபோது அந்த அக்கா தடுத்துவிட்டார்.

"காப்புக் கட்டிட்டு எவளாச்சும் இங்கிலீஷ் மருந்து திம்பாளா? அம்புட்டும் சூடுடி. சூட்டு வகுத்துல கரு தங்குமா?"

கிளம்பும்போது நான் குரலைத் தாழ்த்தி, "மாத்திரை?" என்றேன். அவள் "ம்" என்றாள்.

அந்த "ம்" என்னவென்று சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் காலையில் தெரிந்தது. நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். மண்டபத்தில் குலவைச் சத்தம். அவள் இருந்த இடத்தில் கூட்டம். "சாமி வந்திருக்கு, சாமி வந்திருக்கு" என்று ஒருத்தி கத்துகிறாள். கைகூப்பிக்கொண்டு நின்றவர்களை விலக்கிப் பார்த்தால், தரையில் விழுந்து கிடக்கிறாள். பல் கிட்டி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயோரம் நுரை. அதைப் பார்த்ததும் குலவை அறுந்தது. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கிறார்கள். இன்னொருத்தி வாயில் தண்ணீர் ஊற்றச் சொம்போடு குனிகிறாள்.

"சாமி இல்லக்கா, வலிப்பு" என்றேன். கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும். "தண்ணி ஊத்தாதீங்க, தொண்டையில ஏறிரும். சாவிய எடுங்க. காத்து வரட்டும், தள்ளுங்க."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி அவளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். இழுக்கிற கையைப் பிடித்து அமுக்கவில்லை. தலைக்கடியில் அவளுடைய மாற்றுச் சேலையைச் சுருட்டி வைத்தேன். நெற்றியில் அடிபட்டிருந்தது. இழுப்பு நின்று, மூச்சு சீராகி, ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சாயங்காலந்தானே வருவீங்க?" என்று கேட்டாள்.

அடிபட்டதால் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். பையிலிருந்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் இருந்தது. டாக்டரம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சாமிக்குன்னு இருந்தேன் டாக்டர்" என்றாள் இவள். "மருந்து தின்னா வெரதம் முறிஞ்சிரும்னாங்க. எல்லாருக்கும் முன்னாடி எடுத்தா என்ன மாத்திரைன்னு கேப்பாங்க. இம்புட்டு நாளா வரலையே, நாலு நாளு விட்டா என்னன்னு நெனச்சேன்."

"இம்புட்டு நாளா வராம இருந்ததே அந்த மாத்திரையாலதான்ம்மா. அது உள்ள இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல. பட்டினி வேற, கூட்டத்துல தூக்கமும் இருந்திருக்காது. மூணும் சேர்ந்துருச்சு." அட்டையை மேசைமேல் வைத்தார். "எங்கம்மாவும் சஷ்டி இருக்காங்க. இருக்க வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, எனக்கும் கேட்கத் துணிவில்லாததைக் கேட்டாள்.

"அப்ப அந்த ஒரு வருசம்?"

டாக்டரம்மா மேசைமேல் இருந்த அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். "மறுபடி முதல்லேர்ந்து எண்ணுவோம்மா" என்றார்.

பிள்ளைக்காக இருந்த விரதம் பிள்ளையை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டது. காப்பை அவிழ்க்க மனமில்லாமல் கொஞ்ச நாள் கையிலேயே வைத்திருந்தாள். குழம்புக் கறை பட்டு அது கறுத்துப்போயிருந்தது.

அந்த இரண்டாம் வருஷம் நான் பார்த்த அவளே வேறு. மாத்திரை போட்டுவிட்டுத்தான் வாசல் தெளிப்பாள். ஒருதடவை மருந்துக்கடை அண்ணன் வேறு பெட்டியைக் கொடுத்து, "அதே மருந்துதேன் தங்கச்சி, கம்பெனிதேன் வேற" என்றார். முன்னெல்லாம் அவரிடம் வாய் திறக்காமல் வாங்கி வருகிறவள், கடை வாசலிலேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். வலிப்பு மாத்திரையில் முடிந்தவரை ஒரே கம்பெனியிலேயே இருப்பது நல்லது, கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஆனால் ஒரு வேளையும் விட்டுவிடாதீர்கள் என்றார் அவர். "என்னண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?" என்று கடைக்காரரிடம் போனை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, "நீயே கல்லாவுல வந்து உக்காந்துக்கத்தா" என்று பழைய கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். சளிக்கும் காய்ச்சலுக்கும்கூட, இந்த மாத்திரையோடு சேருமா என்று கேட்காமல் எதையும் வாயில் போடுவதில்லை.

ஆசை மட்டும் குறையவில்லை. அவள் தம்பி மனைவிக்குச் சோழவந்தானில் வளைகாப்பு. போய் வளையல் போட்டுவிட்டு, சந்தனம் பூசிவிட்டு, பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடி வந்தாள். பஸ் துவரிமான் ஊரைத் தாண்டியது. அப்புறம், "அவ வகுத்துல கைய வச்சேன். உள்ள இருந்து முட்டுச்சுங்க" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் காப்புக் கட்டினாள். இரண்டு வேளை சாப்பாடு, ராத்திரி வீட்டில் வந்து தூக்கம், பகலில் மட்டும் மண்டபம் என்று ஏற்பாடு. அந்த அக்காவும் வந்திருந்தார். முதல் நாள் அவர் முன்னாலேயே அட்டையைப் பிரித்து, தண்ணீர் குடித்து விழுங்கியிருக்கிறாள்.

"காலையில எந்திரிக்க நேரமாகி, நேரா இங்க வந்துட்டேன்க்கா. வலிப்பு மாத்திரை. இத விட்டாத்தான் போன வருசம் ஒங்கள அம்புட்டுப் பேரையும் குலவ போட வச்சேன்."

அந்த அக்கா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "எந்த டாக்டரு பாக்குறாக?" என்று கேட்டிருக்கிறார். மருமகளுக்கும் அதே வியாதி. வெளியே தெரியக் கூடாதென்று சூட்டுக்குச் சாறு, மந்திரித்த தாயத்து என்று வைத்திருந்திருக்கிறார்கள். போன வருஷம் மண்டபத்தில் சாவிக்கொத்தை எடுத்து நீட்டியது அவர்தான். வீட்டில் நீட்டிப் பழக்கம். தை மாதம் மருமகளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்த முறை ஐப்பசி வலிப்பில்லாமல் கடந்தது. கார்த்திகையில் போனோம். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "சரிம்மா, இனிமே முயற்சி பண்ணலாம்" என்றார். கூடவே சொல்ல வேண்டியதையும் சொன்னார். எந்த மாத்திரையிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது, இதில் குறைவு. நாள் தள்ளிப்போனால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தக் கூடாது, உடனே வர வேண்டும். வயிற்றில் பிள்ளை வளர வளர ரத்தத்தில் மருந்து குறையும், அப்போது அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனோம். அவள் எழுந்திருக்கவில்லை.

"பால் குடுக்கலாமா டாக்டர்?"

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "யாருக்கும்மா?"

"பிள்ளைக்கு."

இன்னும் பிறக்காத, உண்டாகக்கூட இல்லாத பிள்ளைக்கு அவள் பசியாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குடுக்கலாம்மா. பால்ல கொஞ்சம் மருந்து வரும், பெரும்பாலும் அதனால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. குழந்தை சோர்வா தூங்கிக்கிட்டே இருக்கான்னு மட்டும் பாத்துக்குவோம்."

"குடுக்கறப்ப எனக்கு வந்திருச்சுன்னா?"

"கட்டில்ல உக்காராதீங்க. தரையில, முதுகுக்குச் சாய்மானம் வச்சு உக்காந்து குடுங்க. குளிப்பாட்டுறப்ப கூட ஒரு ஆள் இருக்கட்டும். ராத்திரி அண்ணன் எந்திரிச்சுப் பாத்துக்கட்டும், நீங்க தூங்கணும்."

"அவரு எந்திரிப்பாரு" என்றாள் என்னைப் பார்க்காமலேயே.

இப்போது மாசி. விசேஷம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் சில நாட்கள் அவள் அதிகம் பேச மாட்டாள். நான் பட்டறையில் கேட்ட கதைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவேன். நேற்று மத்தியானம் சாப்பிட வந்தேன். உள் அறையில் தரையில், அரிசி மூட்டையில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை எடுக்கவில்லை.

"தரை ரொம்பச் சில்லுனு இருக்குங்க" என்றாள். "கனமா ஒரு பாய் வேணும்."

"சாயங்காலம் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"அகலமாப் பாருங்க" என்றாள்.