கோமதியம்மாள் எடுத்துக் கொடுத்த சொல்

கோமதியம்மாளுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சொன்னால் தென்காசியில் யாரும் நம்பமாட்டார்கள். தெரிந்ததெல்லாம் முப்பது நாற்பது சொற்கள்தான். அதையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் படித்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். அவர் வாயால் சொல்லக் கேட்டதையும் என் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

பதிமூன்று வயதில் செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டார். பத்தொன்பது வயதில் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்போது மகள் உலகம்மைக்கு இரண்டு வயது. அப்பா ஆவுடைநாயகம் பிள்ளை ஊர்வாய்க்குப் பயப்படாத மனிதர். பேத்தியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மகளைப் பாளையங்கோட்டைக்கு டீச்சர் ட்ரெயினிங் படிக்க அனுப்பினார்.

கடைசிப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கையில் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "குழந்தையை அவள் பெரியப்பா வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நீ மனதைத் தளரவிடாமல் பரீட்சையை எழுது."

கூட்டிக்கொண்டு போனவர்கள் கொண்டுவந்து விடுவார்கள் என்றுதான் கோமதியம்மாள் நினைத்தார். பரீட்சை எழுதினார். முடித்துவிட்டுச் செங்கோட்டைக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. பெரியப்பா குடும்பத்தோடு கொல்லத்துக்குப் போய்விட்டார், அங்கே புதுக்கடை என்றார்கள். கொல்லத்துக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் வாசலோடு சரி.

"வேலைக்குப் போற பொம்பளைட்ட எங்க வீட்டுப் பிள்ளைய விடமாட்டோம்" என்று புருஷனின் அண்ணன் கதவைச் சாத்தினார்.

செங்கோட்டையும் கொல்லமும் அன்றைக்குத் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம். "அங்கன நம்ம கோர்ட்டு உத்தரவு செல்லாது தாயி" என்று தென்காசி வக்கீல் கையை விரித்துவிட்டார். சில வருஷத்தில் அப்பாவும் இறந்துபோனார். கோமதியம்மாள் பள்ளிக்கூடமும் வீடுமாக இருந்துகொண்டார். மகளைப் பற்றி அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பேசியதே இல்லை.

1936 சீசனில் குற்றாலத்துக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்தார். ஸ்பெயின் தேசத்துக்காரர். கொல்லத்துப் பக்கம் ஒரு மடத்தில் பத்து வருஷமாக இருந்தவர், மலேரியாவில் உடம்பு உருகிப்போய், சாரல் காற்றுக்காக ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவில் தங்கினார். பெயர் கொன்சுவேலோ. சமையலுக்கு இருந்த மாடத்தி வாயில் அது கொஞ்சுவேலம்மா ஆயிற்று. மடத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறக்க ஏற்பாடு நடந்தது. அவருக்கோ மலையாளம் வந்த அளவு இங்கிலீஷ் வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டு ஆள் வர, கோமதியம்மாள் சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போனார்.

கொஞ்சுவேலம்மாவை அலைக்கழித்த சொல் 'டேக்'.

"மருந்து டேக், பஸ் டேக், லீவு டேக், குளிக்கிறதுகூட டேக். உங்க வெள்ளைக்காரனுக்கு வேற சொல்லே இல்லியா?" என்று மலையாளத்தில் சலித்துக்கொண்டார்.

"எங்க வெள்ளைக்காரனா? நம்ம ரெண்டு பேர்ல வெள்ளையா இருக்கது யாரு சிஸ்டர்?" என்றார் கோமதியம்மாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மாடத்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாளாம்.

அந்த ஒரு சொல்லுக்கு ஸ்பானிஷில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று இருந்தது. மருந்துக்குத் தொமார். பஸ்ஸுக்குக் கொஹேர். ஒருவரிடமிருந்து பறித்தால் கித்தார். போலீஸ் பிடித்துப் போனால் தெத்தேனேர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு, வயசாளியைக் கோயிலுக்கு என்றால் யேவார். கோமதியம்மாள் யேவாருக்கு நேரே 'கூட்டிப்போ' என்று எழுதிக்கொண்டார். தமிழிலும் ஒரு சொல் போதாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது என்று பிறகு சொன்னார்.

ஜூலைக் கடைசியில், ஸ்பெயினில் உள்நாட்டுச் சண்டை என்று பேப்பரில் வந்தது. கொஞ்சுவேலம்மாவுக்கு ஒரே தம்பி. ஆந்த்ரேஸ் என்று பெயர், ஒரு சின்ன ஊரில் வாத்தியார். அன்றிலிருந்து பாடம் நின்றுபோய், கோமதியம்மாள் பேப்பரை வாசித்துச் சொல்வதே வேலையாயிற்று. தம்பி ஊரின் பெயர் ஒரு நாளும் வரவில்லை.

செப்டம்பரில், மடத்து விலாசத்துக்கு வந்திருந்த ஒரு கடிதம் குற்றாலத்துக்கு அனுப்பப்பட்டு வந்தது. பிரான்சில் இருந்த ஓர் இங்கிலீஷ் கன்னியாஸ்திரி எழுதியது. மூன்றே வரி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஆந்த்ரேஸ் வீட்டிலிருந்து 'டேக்கன்'. அவர் மனைவி பாதிரியாரிடம் போயிருக்கிறாள். வேறொன்றும் தெரியவில்லை.

"டீச்சர், இது எந்த டேக்?" என்று கொஞ்சுவேலம்மா கேட்டார்.

யார் வந்தார்கள், எங்கே போனார்கள் என்று கடிதத்தில் இல்லை. கோமதியம்மாளுக்கு மனசில் வந்தது பிடித்துப்போவதுதான். நோயாளியிடம் அதை எப்படிச் சொல்வது? இருப்பதில் மெதுவான சொல்லாகத் தேடினார்.

"யேவார், சிஸ்டர். கூட்டிட்டுப் போயிருக்காங்க. வந்துருவாரு."

கொஞ்சுவேலம்மா அவரையே பார்த்தார். "சே லோ யேவாரோன்" என்றார், அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று. இன்னொரு தடவை, சத்தம் வராமல், உதட்டால் மட்டும் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடத்தி ஓடிவந்தாள். "என்ன ஆச்சி, அந்தம்மாட்ட என்ன சொன்னிய? முகம் செத்துப் போச்சே!"

"நல்லதுதான் சொன்னேன் மாடத்தி" என்றார் கோமதியம்மாள். என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் போனபோதும் கதவு திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சுவேலம்மாவே வெளியே வந்து உட்கார்ந்தார். "பிடித்துப் போனால் ஜெயில் இருக்கும். ஜெயில் வாசலில் ரொட்டியோடு போய் நிற்கலாம். எங்கள் ஊரில் யேவாரோன் என்று சொன்னால் போய் நிற்க இடமே கிடையாது. முந்தின சண்டையில் என் தாத்தாவை அப்படித்தான் சொன்னார்கள். எலும்புகூடக் கிடைக்கவில்லை."

"நான் மெதுவான சொல்லுன்னு நினைச்சுட்டேன் சிஸ்டர். மன்னிச்சிருங்க."

"நீங்கள் சரியான சொல்லைத்தான் சொன்னீர்கள்."

கோமதியம்மாளுக்கு அங்கேதான் உடைந்தது. பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத கார்டை, கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்ற அந்த வரியை, ஓர் அந்நிய தேசத்துப் பெண்ணிடம் அழுதுகொண்டே ஒப்பித்தார். முடிவில் கொஞ்சுவேலம்மா, பிள்ளையின் பெயர் என்ன, கடை எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார்.

அக்டோபரில் அவர் மடத்துக்குத் திரும்பினார். தம்பியை அழைத்துப் போன அன்றைக்கே ஊருக்கு வெளியே சுட்டுவிட்டார்கள் என்று நவம்பரில் உறுதியாயிற்று. அந்தச் செய்தியை அவர் கோமதியம்மாளுக்கு நாலு வரி இங்கிலீஷில் எழுதியிருந்தார். பிழை ஒன்றுகூட இல்லை.

1938இல் இன்னொரு கடிதம். உலகம்மை கிடைத்துவிட்டாள். மடத்து ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியிடம் ஊர், பெயர் விசாரித்து, அவள்தான் என்று கண்டுபிடித்திருந்தார். கோமதியம்மாள் மறுநாளே லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினார்.

கொல்லத்தில் கொஞ்சுவேலம்மா கூடவே வந்து வீட்டைக் காட்டிவிட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டார். உலகம்மைக்குப் பத்தொன்பது வயது. இடுப்பில் பிள்ளை. வந்தவரை அடையாளம் தெரியாமல் பார்த்து, பெயரைக் கேட்டபின், "இருங்க, காப்பி கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். காப்பியை வைத்துவிட்டுத் தூணோடு சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள். "என்னைக் கொண்டுவந்தது தெரிஞ்ச பெறகும், பரீட்சை எழுதிட்டுத்தான் வந்தியளாமே? பெரியப்பா சொன்னாரு."

"ஆமா மக்கா" என்றார் கோமதியம்மாள். பரீட்சையை எழுது என்று கார்டில் அப்பா எழுதியிருந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அதைச் சொன்னால் செத்துப்போன அப்பாமேல் பழி விழும் என்று தோன்றியதாம். சொல்லவில்லை. பேரனை ஒரு தரம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்று நான் பின்னால் கேட்டேன்.

"பரீட்சை எழுதினது நான்தானே" என்றார்.

அதன்பின் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மகளிடமிருந்து கார்டு வரும். எல்லாரும் சுகம், அங்கே சுகந்தானே, அவ்வளவுதான். 1943இல் கொஞ்சுவேலம்மா அதே மலேரியாவில் இறந்தார். செய்தி வந்த அன்று கோமதியம்மாள் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்தினார். நடுவில் இரண்டு தடவை வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

1947 வைகாசியில் நெஞ்சுவலி வந்து நாலே நாளில் கோமதியம்மாள் போய்விட்டார். உலகம்மைக்குத் தந்தி கொடுத்தோம். புனலூர் பக்கம் பாதையில் ஏதோ தடங்கலாகி ரயில் தாமதப்பட்டு, எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். ஆபீஸ் அறைச் சுவரில் 1927ஆம் வருஷத்து ஆசிரியைகளின் குரூப் போட்டோ மாட்டியிருந்தது. வெகுநேரம் அதன்முன் நின்றாள்.

"இதுல அம்மை யாரு?" என்று என்னைக் கேட்டாள்.

இரண்டாவது வரிசையில் ஓரத்தில் நின்றவரைக் காட்டினேன்.