கண்ணுக்காகக் காத்த கடைவாய்ப் பல்

அம்மன் துணை. எங்கள் அய்யன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. தகப்பனாரின் நல்ல குணங்களை அண்ணன் இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் எழுதிவிட்டார். அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அய்யனின் பற்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவற்றோடு பதினைந்து வருடம் மல்லுக்கு நின்றவள் நான். ஆகையால் நான் எழுதுகிறேன்.

அய்யன் பிறந்தது மேட்டுப்பாளையம் பக்கம். மழை பொய்த்து மானாவாரிக் காடு கைவிட்டதும் பீளமேட்டில் மில் வேலைக்கு வந்தார். அறுந்த நூலிழையைக் கண்டு முடிச்சுப் போடுவதில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். அம்மா சிறு வயதிலேயே போய்விட்டதால், எங்கள் இருவரையும் வளர்த்தது அந்தக் கண்ணும் விரலும்தான்.

வெள்ளிதோறும் கோவில் குத்துவிளக்கைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கித் தருவார். தம் பல்லுக்கு மட்டும் ஒரு சிட்டிகை சாம்பல், ஒரே இழுப்பு, ஒரு கொப்பளிப்பு. முடிந்தது. பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்காதென்று மில்லில் எல்லாரும் வெல்லம் தின்பார்கள். மற்றவர்கள் தின்று தண்ணீர் குடித்தார்கள். அய்யனோ ஒரு கட்டியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை ஊறவைப்பார்.

வீட்டுக்கு வந்தாவது வாய் கொப்பளியுங்கள் என்றால், "சாமிக்குப் படைக்கற வெல்லம் அம்மணி, அதுல என்ன கெடுதல்?" என்பார்.

"சாமி அதைக் கன்னத்துல அடக்கி வெச்சுக்கறதில்லீங்கய்யா" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

மேல் கடைவாய்ப் பல் சொத்தையானது. கிராம்பு வைத்தார், பெருங்காயம் வைத்தார். டாக்டரிடம் மட்டும் வர மாட்டார். மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு போச்சுன்னா நூலை எவன் முடியறது? உன்ற கல்யாணத்தை எவன் பண்ணுவான்?"

கடைசியில் வெள்ளியில் ஒரு பல் செய்து மாரியம்மன் உண்டியலில் போட்டார். பூசாரியே தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, ஆத்தா என்ன கொறடு வெச்சுட்டா உக்காந்திருக்கறா? ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

நானும் நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் அம்மன் கொடுத்த பல்லைத் துலக்காமல் அழுகவிட்டு, அவளிடமே போய் நின்றால் எப்படி?

அந்த ஆடியில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. மறுநாள் வீக்கம் மேலேறி, எந்தக் கண்ணுக்காகப் பல்லைக் காத்தாரோ அந்தக் கண்ணே மூடிக்கொண்டது. அண்ணனும் நானும் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தீங்கன்னா கண்ணு தப்பியிருக்காதுங்க" என்றார் பல் டாக்டர். "பல்லைப் புடுங்குனதால இல்லீங்க. புடுங்காம வெச்சிருந்ததால."

மூன்று பற்களை எடுத்தார். நடுவில் அய்யன் அவர் விரலைக் கடித்துவிட்டார்.

நான்காம் நாள் கண் திறந்தது. முதல் வேலையாக என் முந்தானையை இழுத்து, ஓர் இழையை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "அறுவதாம் நம்பர் நூலு" என்று கண்ணாலேயே நூலின் சன்னத்தை அளந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, "பாத்தியா, வெள்ளிப் பல்லுக்கு ஆத்தா கண்ணைத் தெறந்துட்டா!" என்கிறார். விரலில் கட்டோடு டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார்!

அந்தக் கண்ணோடுதான் வேலைக்குத் திரும்பி, தை மாதம் என் கல்யாணத்தை நடத்தினார். வெல்லக் கட்டி மட்டும் இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்கு மாறியது. பிறகு அந்தப் பக்கமும் போயிற்று.

கடைசி நாட்களில் முறுக்கை இடித்துத்தான் கொடுத்தேன். மூச்சு வாங்கப் படுத்திருந்தவர், நான் ஊசி கோர்க்கத் தடுமாறுவதைப் பார்த்து அதை வாங்கி, கண்ணாடியில்லாமல் ஒரே குத்தில் நூல் கோர்த்தார். பொக்கை வாயால் சிரித்து, "கண்ணு போகுல, பாத்தியா அம்மணி?" என்றார். போகும் என்று நானா சொன்னேன்? அந்த ஊசியில் நூல் அப்படியே இருக்கிறது. தைக்க மனம் வரவில்லை.

தோள் கொடுத்த மில் தோழர்களுக்கும், பூசாரி ஐயாவுக்கும், உறவினர் அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம். டாக்டர் ஐயாவுக்கு நன்றியோடு, அந்த விரலுக்காக மன்னிப்பும்.

இன்று தாம்பூலத்தோடு ஒரு பொட்டலம் பல்பொடியும் வைத்திருக்கிறோம். சிரிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கும் முன்பும் ஒரு தடவை துலக்குங்கள். அய்யனிடம் சொல்லித் தோற்றவள் கேட்கிறேன்.