பெஞ்சு போட்ட வண்டி

இந்த ஊரில் பிக்அப் வண்டியின் பின்பக்கம் நாய்க்கு ஒதுக்கப்பட்டது. இங்கே அந்த வண்டிக்கு யூட் என்று பெயர். முன்னால் தொப்பி போட்ட ஒரே ஒரு மனிதர் ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் திறந்த தட்டில் அவருடைய நாய் நின்றபடி காற்றை முகர்ந்துகொண்டு வரும். எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். வணக்கம், சௌக்கியமா, வீட்டில் எல்லோரும் நலமா என்பதெல்லாம் அந்த ஒரு விரலுக்குள் அடக்கம். வந்த புதிதில் நான் பதிலுக்கு முழுக் கையையும் வெளியே நீட்டி ஆட்டினேன். எனக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்து ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். சும்மா கையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. தாம்பரத்தில் இருக்கும் உங்களுக்கு இந்த ஊர் புரியாது. அங்கே பின்பக்கம் காலியாக ஒரு பிக்அப் ஜி.எஸ்.டி. ரோட்டில் மெதுவாகப் போனால் போதும், யாரும் கூப்பிடாமலே நாலு பேர் ஏறியிருப்பார்கள்.

நான் மேற்கு ஆஸ்திரேலியாவில், பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் கணக்கு வாத்தியார். வெள்ளைக்காரர் அல்லாத எங்களைப் போன்றவர்களுக்கும் இந்த நாட்டின் கதவு திறந்திருக்கிறது என்று செய்தி வந்த காலத்தில் மனுப் போட்டு வந்தவன். என் மனைவி ரூத் கிழக்குத் தாம்பரத்துப் பெண். அவள் வளர்ந்த வீட்டில் பகலில் வாசற்கதவு சாத்தியே பழக்கமில்லை. இங்கே வந்தும் அவள் கதவைத் திறந்தே வைத்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து தட்டினார். ரூத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுப்பில் டீத்தண்ணீர் வைக்க ஓடினாள். அந்த அம்மாள், உங்கள் கதவு திறந்துகிடக்கிறது, ஈ வரும், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, நல்ல மனசோடு கதவைத் தானே சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ரூத் இரண்டு டம்ளர் டீயையும் தானே குடித்தாள்.

அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அழவில்லை. பேச்சுத்தான் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருஷம் போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஸ்கூல் லீவு விட்டதும் நான் ஊருக்குப் போறேங்க. உங்களுக்கு இங்க புடிச்சிருக்கு, நீங்க இருங்க. எனக்கு டிக்கெட் மட்டும் எடுத்துக் குடுங்க."

சண்டை போட்டுச் சொன்னால் சமாதானம் பேசலாம். யோசித்துச் சொன்னவளிடம் என்ன பேசுவது? இந்த நாட்டை நாம் இன்னும் பார்க்கவே இல்லை, இந்த ஒரு லீவுக்கு வண்டியில் உள்ளே போய்ப் பார்ப்போம், அதற்கப்புறம் உன் இஷ்டம் என்று கெஞ்சினேன். சரி, பார்த்துவிட்டே போகிறேன் என்றாள். அடுத்த வாரமே ஒரு பழைய யூட்டை வாங்கினேன். பாலைவனத்தில் ஓடுகிற மாதிரி அதை மாற்ற வேண்டும். எனக்கு அந்த வேலை புதிதில்லை.

அறுபதுகளில் ரூத்தின் அண்ணன் எட்வினும் நானும் தாம்பரத்திலிருந்து ஒரே எலெக்ட்ரிக் ரயிலில் பீச் ஸ்டேஷன் பக்கம் வேலைக்குப் போய்வந்தவர்கள். அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அது வெறும் சிநேகித மச்சான். எட்வினுக்கு ஒரு பித்து. ரோடு முடிகிற இடத்தில்தான் ஊரே ஆரம்பிக்கிறது என்பான். பரங்கிமலைப் பக்கம் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது ஒரு பிக்அப்பை எடுத்துவிட்டான். கழித்துப்போட்டது என்றால் உண்மையிலேயே கழித்துப்போட்டதுதான். ஒரு பக்கக் கதவு கிடையாது, ஹாரன் கிடையாது, பிரேக்குக்கு அதுவாகத் தோன்றினால் பிடிக்கும். ஜவ்வாது மலை வரைக்கும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதில் போய்வருவது என்பது திட்டம்.

குரோம்பேட்டையில் முனுசாமியின் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டோம். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷெட்டு நாற்றம் பட்டறைக்குள் வந்து குந்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வெள்ளை வேட்டியோடு அங்கே போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வோம். பள்ளத்தில் இடிக்காமலிருக்க ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்தோம். தண்ணீருக்குள் இறங்கினாலும் என்ஜின் நிற்கக் கூடாது என்று புகைக்குழாயை மேலே தூக்கி வைத்தோம். பின்னால் பெட்ரோல் டின்னுக்கு ஒரு கூண்டு. வெல்டிங் வைக்க எனக்குக் கை வந்தது அங்கேதான். இதற்குள் எட்வின் வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. அவனுடைய அத்தை தானும் வருவதாகச் சொன்னார். புடவையோடு ஏற ஒரு படி வேண்டும் என்றார். படி வைத்தோம். அத்தை வந்தால் அத்தையின் சிநேகிதிகள் வராமலிருப்பார்களா? பக்கத்து வீட்டு ஐயர் குடும்பம், எதிர்வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம், சர்ச்சில் பாட்டுப் பாடுகிற கோஷ்டி என்று ஆள் கூடிக்கொண்டே போயிற்று. பெஞ்சு போட அளவெடுத்த முனுசாமி ஒருநாள் அளவுக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் இது, வாரத்துக்கு ஒரு தபா மாத்திகினே கீறீங்க. எத்தினி பேரு குந்தப் போறாங்கோ, அத்த சொல்லுங்க மொதல்ல."

"தெரியலையேப்பா," என்றான் எட்வின். "வர்றவங்க வருவாங்க."

முனுசாமி அதைப் பேஜார் என்று சொல்லவில்லை. நியாயமான பதிலாகவே எடுத்துக்கொண்டு, வண்டியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுக்கும் பெஞ்சு போட்டார். பிடித்துக்கொள்ளக் கம்பி, வெயிலுக்குக் கித்தான் கட்ட வளைவு, டிபன் கேரியர் மாட்டக் கொக்கி எல்லாம் வந்தன. ஜவ்வாது மலை அதோடு போயிற்று. அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி மலை ஏறாது. புத்தாண்டு கழிந்த ஒரு சனிக்கிழமை கோவளத்துக்குக் கிளம்பினோம். வண்டலூரைத் தாண்டியதும் செம்மண் பாதை. கேளம்பாக்கத்துக்கு அப்பால் உப்பளம், அதற்கப்பால் மணல். மணலில் சக்கரம் புதைந்தது. இங்கே இப்படிப் புதைந்தால் இழுத்துவிட வின்ச் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் வின்ச் கிடையாது, சித்தப்பாக்கள் இருந்தார்கள். எல்லோரும் இறங்கி, பனையோலையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, ஏலேலோ பாடித் தள்ளினோம். தள்ளுகிற கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் முழங்கை வரை மணலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் எதிர்ப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு வந்த எட்வினின் தங்கை அவள்தான் என்று அப்போதுதான் கவனித்தேன். திரும்பும்போது அவள் தலையைக் குனியவில்லை, நானும் வேடிக்கை பார்க்கிற மாதிரி நடிக்கவில்லை. அடுத்த வருஷம் எட்வின் எனக்கு நிஜ மச்சான் ஆனான்.

யூட்டுக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் கோலின் என்று ஓர் ஆசிரியர், பாலைவனத்துக்குள் பல முறை போய்வந்தவர். சனிக்கிழமைகளில் பள்ளிப் பட்டறையில் அவரும் நானும் வேலை செய்தோம். தட்டுக்கு அடியில் இன்னொரு பெட்ரோல் டாங்க், தண்ணீருக்கு ஒரு டிரம், கங்காரு குறுக்கே பாய்ந்தால் தாங்க முன்னால் ஒரு கனத்த கம்பி வேலி, புல்விதை போய் அடைக்காமல் ரேடியேட்டருக்கு வலை என்று அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு வாரம் அவர் ஊரில் இல்லை. சும்மா இருப்பானேன் என்று நானே வெல்டிங் வைக்க ஆரம்பித்தேன். அவர் திரும்பி வந்து வண்டியைச் சுற்றி வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல யார் உட்காரப் போறாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். தட்டின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குப் பெஞ்சு போட்டிருந்தேன். பிடித்துக்கொள்ளக் கம்பி, கித்தான் வளைவு, பின்னால் புடவையோடு ஏறத் தோதாக ஒரு படி. யாரும் என்னைக் கேட்கவில்லை. என் கை அதுவாகச் செய்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேர்தான் போகிறோம் என்றேன். பள்ளிப் பிள்ளைகளையா, ஆட்டு ரோமம் வெட்டுகிற ஆட்களையா, யாரை ஏற்றி வாடகைக்கு விடப்போகிறாய் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். அவர் தயவாகத்தான் எடுத்துச் சொன்னார். பாலைவனத்தில் ஒவ்வொரு ராத்தல் கனத்துக்கும் பெட்ரோல் செலவாகும், இதை வெட்டிவிட்டுச் சாமான் பெட்டி வைக்கலாம். நியாயமான பேச்சு. வெட்டிவிடுவோம் என்று சொல்லி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

சத்தம் கேட்டு ரூத் வெளியே வந்தாள். படியில் கால் வைத்து ஏறி, பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தாள். எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை பேர் யாருங்க வரப்போறா நமக்கு?" என்றாள்.

நாளைக்கே வெட்டிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், போய்வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்றாள்.

லீவு விட்டதும் கிளம்பினோம். உள்ளே போகப் போக மண் சிவந்துகொண்டே வந்தது. வண்டலூர்ச் சிவப்பு இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அவ்வளவு பெரிய வானத்தை நான் பார்த்ததில்லை. அழகு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரூத்தும் சொல்லவில்லை. அழகா இருக்கு என்றாள், யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துச் சொல்வதுபோல. நான் ஒவ்வொரு பாறையையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தேன். கடை விரித்தவன் மாதிரி இருந்தது என் நிலைமை. அவள் ஊம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் மத்தியானம், பாதையோரத்தில் என்ஜின் மூடியைத் திறந்தபடி ஒரு கார் நின்றது. பக்கத்து மர நிழலில் ஒரு குடும்பம். இந்த மண்ணின் பழங்குடி மக்கள். வயதான ஓர் அம்மாள், பெண்கள், ஆண்கள், குழந்தைகள், எல்லோரும் அந்த ஒரு காரில்தான் வந்திருந்தார்கள். ஓர் ஆள் கையைத் தூக்கினான். விரலை அல்ல, முழுக் கையை. வண்டி முழுதாக நிற்பதற்குள் ரூத் இறங்கிவிட்டாள். என்ன கோளாறு, எங்கே போக வேண்டும் என்று நான் இங்கிலீஷில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பின்கதவைக் கீழே தள்ளிவிட்டுத் தமிழில் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்க, ஏறுங்க. பாட்டியம்மா, படியில கால வைங்க. பாத்து."

அந்த அம்மாள் ரூத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எல்லோரும் ஏறிய பிறகு ரூத்தும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பக்கத்து சீட் காலி. அவர்கள் குடியிருப்பு வரும் வரை பின்னாலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே வந்தன. அவர்கள் பாஷையில் அவர்கள், தாம்பரத்துப் பாஷையில் இவள். எங்கள் சப்பாத்தியும் ஊறுகாயும் காலியாகிக்கொண்டிருந்தன. அவள் குரல் இவ்வளவு உரக்கக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது எனக்குப் பாதை மங்கலாயிற்று.

குடியிருப்பில் எல்லோரும் இறங்கினார்கள். ஓர் இளம்பெண் மட்டும் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, நாங்கள் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க ஆளுங்க எல்லாம் பின்னாடி வேற வண்டியில வர்றாங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

கோலினுக்கு விளங்காதது இவளுக்கு விளங்கியிருந்தது. இவ்வளவு பெஞ்சு போட்டவர்களுக்கு ஆட்கள் இல்லாமலா இருப்பார்கள்? ரூத்தும் அந்தப் பாதையைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள். "அவங்க வரமாட்டாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண் மறுபடி ஏறி, பெஞ்சிலேயே இருந்த ரூத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போய் ஏதாவது சொல்லலாமென்று இரண்டடி வைத்து, வேண்டாமென்று நின்றுவிட்டேன்.

வெயில் தாழ்ந்து கிளம்பும்போது, முன்னால் வந்து உட்கார் என்றேன்.

"இல்லங்க, நான் இங்கயே இருக்கேன். நீங்க ஓட்டுங்க." வண்டியைக் கிளப்பின பிறகு பின்கண்ணாடியைத் தட்டினாள். "டிக்கெட் எடுக்க வேணாம். ஆனா என்னை முன்னாடி வா, முன்னாடி வான்னு கூப்பிடாதீங்க."

அதற்கப்புறம் சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு லீவுக்கும் போகிறோம். மற்ற நாட்களில் கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவாள். பாலைவனத்துக்குள் திரும்பியதும் இறங்கிப் பின்னால் போய்விடுவாள். பின்கதவு ஓரமாக, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் வரப்போகிற பாதையைப் பார்க்கிறேன், அவள் போய்விட்ட பாதையைப் பார்க்கிறாள். கண்ணாடியில் எனக்கு அவள் முதுகும் காற்றில் பறக்கிற முந்தானையும் தெரியும். ஏன் இப்படி ஊர்ந்து போகிறாய், நல்ல என்ஜின்தானே என்று கோலின் கேட்கிறார். வேகமாக ஓட்டினால், அவள் பார்த்துக்கொண்டிருப்பது சீக்கிரம் மறைந்துவிடுகிறது.