எஞ்சின் நிற்கும் இடம்

திண்டிவனம் தாண்டிய ரயிலில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். விமானத்தின் கறுப்புப் பெட்டிப் பதிவுகளை அலசும் மென்பொருளுக்குப் புதுத் திரை வடிவமைத்திருந்தேன். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். எதிரே, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"ஏர்லைன்ஸ்ல, நல்லபடியா எறங்கின ஃப்ளைட்டோட பதிவையும் எடுத்து நான் தெனமும் இதத்தான் பாத்துக்கினு இருக்கேன். குடுங்க சார்."

ஒரு விமானப் பயணத்தின் பதிவைத் திறந்தவர் நேராக அதன் கடைசிக்குப் போனார். முகம் மாறியது.

"எஞ்சின் ஆஃப் ஆவறது எங்க சார்?"

"தரையிறங்கினதோட வெட்டிட்டேன் மேடம். அப்புறம் ஒண்ணும் நடக்காதே."

"ஒண்ணும் நடக்கலன்னு நான் பாக்கணுமே! மொதல்ல அதப் பாத்துட்டுதான் ஆரம்பத்துக்கே போவேன்."

"நீங்க பாக்கறப்போ அந்த ஃப்ளைட் எறங்கி ரெண்டு மூணு நாள் ஆயிருக்குமே?"

"தெரியும் சார். இருந்தாலும் பாத்தாதான் எனக்கு வேல ஓடும்."

வெட்டியதை அங்கேயே திரும்பச் சேர்த்தேன். எஞ்சின் கோடு சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. "அப்பாடா" என்றார், அவரே அதில் வந்து இறங்கியதுபோல. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஒப்படைத்தபின் தெரிந்திருந்தால் மானம் போயிருக்கும்.

விழுப்புரத்தில் எல்லாரும் வாசலுக்கு முண்டியடித்தார்கள். ரயில் முழுக்க நிற்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஏனோ, நானும்தான்.