நாய்க்கும் ‘ங்க’ போட்டவர்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு நாய் ராக்கிக்கு நகம் வளைந்து வளர்ந்து பாதத்தில் குத்தத் தொடங்கியிருந்தது. வெட்டப் போன என் கையில் இருமுறை பல் பதிந்தது. மயக்க ஊசி போட்டுத்தான் வெட்ட முடியும், பதினோரு வயதில் அது ஆபத்து என்றார் டாக்டர். கடைசி முயற்சியாக, வீட்டுக்கே வந்து நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறவரை வரவழைத்தேன்.

சொன்னபடி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, முழங்கை வரை பழைய தழும்புகள்.

“சிட்! ஸ்டே!” என்று அதட்டினேன். ராக்கி உறுமியது.

“ஏனுங்க சார், எதுக்குங்க இங்கிலீசு?”

“அவனுக்குத் தமிழ் தெரியாதுங்க. குட்டியில இருந்தே இங்கிலீஷ்தான்” என்றாள் என் மனைவி பெருமையோடு.

அவர் தரையில் உட்கார்ந்தார். “ஏனுங்க ராக்கி, காலைக் கொஞ்சம் குடுங்க கண்ணு. வலிக்காதுங்க.”

எங்கள் வீட்டில் யாரும் அதற்கு இத்தனை மரியாதை கொடுத்ததில்லை. ராக்கி யோசித்துவிட்டுக் காலை நீட்டியது. பதினெட்டு நகங்களும் இருபது நிமிடத்தில் முடிந்தன.

இந்தப் பொறுமையை எங்கே கற்றார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய மனைவி போனில் அழைத்தார்.

“ஏண்டி, வேலையில கூப்புடாதேன்னு எத்தன வாட்டி சொல்லிப்போட்டேன்? வை போனை!” என்று கத்தினார். பிறகு திரும்பி, “வாரேனுங்க ராக்கி” என்றார் கனிவாக.

ராக்கி அதற்குள் சோபாவுக்கு அடியில் புகுந்திருந்தது.

இப்போது அது நொண்டாமல் நடக்கிறது. அவரைப் பணிவானவர் என்று டைரியில் எழுதலாமா என்பதைத்தான் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.