காற்று புகாத அறை

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சுவரின் மேல்பக்கத்தைத்தான். ஜன்னலுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே வெண்டிலேட்டர் இருக்கிறதா, இருந்தால் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் என் கண்ணில் படுவார்கள். கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருக்கும், நான் அண்ணாந்துகொண்டிருப்பேன். பல்லிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து ஒரு சம்பந்தி அம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்ததும் உண்டு. என் பிழைப்பு அப்படி. மின்சாரத்தை விழுங்காமல் குளிர்ந்திருக்கும் கட்டடங்களைப் பற்றியும் நகரத்துக் காற்றைப் பற்றியும் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியே தலை நரைத்தவள் நான். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் கருவிப் பெட்டியும் மாணவர்களுமாக நின்றால், காற்றை அளந்து எங்கே கொண்டுபோய் விற்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். காற்றைப் பற்றிய முதல் பாடத்தை அதே ஊரின் ஆரியசாலையில், எங்கள் வீட்டிலேயே, மூன்றாம் வகுப்பில் படித்தேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் சேர்ந்து புளியும் வற்றல் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்துவந்தார்கள். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. வீட்டில் தமிழ்தான், ஆனால் பாதி வார்த்தை மலையாளத்தில் நனைந்திருக்கும். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் பெரியப்பா வார்ப்பு வீடு கட்டினார். கான்கிரீட் கூரை போட்ட வீட்டுக்கு அங்கே அப்படிப் பெயர். எங்கள் தெருவில் அதுதான் முதல் வார்ப்பு வீடு. மழைக்காலம் முழுக்க ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்தே பழகிய எங்களுக்கு, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கூரையை எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. பெரியப்பாவுக்கோ ஜன்னல்களில்தான் பெருமை. தேக்குச் சட்டம், கண்ணாடிக் கதவு. இழுத்துச் சாத்தினால் கடைத்தெரு இரைச்சல் அப்படியே அடங்கிவிடும். வருகிறவர்களையெல்லாம் அழைத்துப்போய்ச் சாத்திக் காட்டுவார்.

"ஒரு ஈ கேறாது, கேட்டியளா" என்பார். நுழைவதற்கு எங்கள் வீட்டில் கேறுவது என்றுதான் சொல்வோம்.

புது வீட்டுக்கு வந்த முதல் குழந்தை சித்தியின் குழந்தை. கல்யாணமாகி நெடுநாள் கோவில் கோவிலாகச் சுற்றிப் பெற்ற ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் பிரசவம் சுகமாக முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் அத்தையிடம், முறியில், அதாவது அறையில், நல்ல காற்று வேண்டும் என்று மலையாளத்தில் சொல்லியனுப்பினாள். அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். வீட்டில் பிரசவ இலாகா முழுவதும் அவள் கையில்தான். அவளுடைய அகராதியில் காற்று என்றால் வேர்வையை ஆற்றும் காற்றல்ல. பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் தேடிவந்து அடிக்கிற காற்று. பேயென்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், காற்று என்போம். அதைப் போய் ஒரு நர்ஸ் வேண்டும் என்று சொன்னால்? வண்டியில் வரும் வழியெல்லாம் அத்தை என்னிடம் பொருமிக்கொண்டே வந்தாள்.

"பெத்தவளுக்குக் காத்து வேணுமாம்ட்டி. காத்துல ஏதுட்டி நல்ல காத்து?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸுக்கு விவரம் போதாது என்று நானும் முடிவுகட்டினேன்.

வடக்குப் பக்கத்து அறையைச் சித்திக்கு ஒதுக்கினார்கள். கண்ணாடிக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டாயிற்று. வெண்டிலேட்டர் ஓட்டைகளில் பழைய வேட்டிகளைச் சுருட்டி அடைத்தாயிற்று. கட்டிலுக்குக் கீழே இரும்புச் சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக்கரிக் கங்கு. பிள்ளை பெற்ற உடம்பு குளிரக் கூடாது என்று எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்வதுதான். அம்மா எங்களையெல்லாம் பெற்று இப்படித்தான் படுத்திருந்தாள், ஒரு குறையும் வந்ததில்லை. அத்தை கரியைக் கொல்லையில் வைத்து ஊதி ஊதி, நன்றாகக் கனிந்து புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுபோவாள். கண் எரியாது, வாசனை வராது. அவ்வளவு பக்குவம்.

அத்தையைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை. சித்திக்குப் பத்தியச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டவள் அவள்தான். குழந்தையின் காலை நீவி நீவி, அதனிடம் தனியாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள்.

வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்தது. குளிர் ஏற ஏறச் சட்டியில் கங்கும் ஏறியது. பால் கொண்டுபோகிறபோதெல்லாம் சித்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டது தங்காமல் வாந்தி எடுத்தாள். ஒருநாள் என் எதிரிலேயே அத்தையிடம் கெஞ்சினாள்.

"மதினி, தலை இடியாய் இடிக்கி. சன்னலை இத்திரிபோல திறக்கட்டா?"

பச்சை உடம்புக்குத் தலைவலி வராமல் இருக்குமா என்று சொல்லி அத்தை அவளுக்குப் பற்றுப் போட்டுவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று வெண்டிலேட்டரில் இன்னொரு துணியையும் திணிக்கச் சொன்னாள்.

மறுநாள் மழையால் பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். அம்மா பூண்டுப்பாலைக் கையில் கொடுத்துச் சித்தியிடம் கொண்டுபோகச் சொன்னாள். கதவைத் தள்ளினேன். சூடு முகத்தில் வந்து மோதியது. ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. சித்தி தரையில் மண்டியிட்டு, நெற்றியைக் கம்பியில் சாய்த்திருந்தாள். சாரல் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மழையை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அத்தை பார்த்தால் என்ன ஆகும் என்று பயந்து, சித்தி சித்தி என்று ரகசியமாகக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

குழந்தை கட்டிலில் இருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, உதடு செக்கச்செவேலென்று, இத்தனை அழகாக அவன் ஒருநாளும் இருந்ததில்லை. தூங்குகிறான் என்று குனிந்து காலைத் தொட்டேன். எப்போது தொட்டாலும் சுருங்கி உதைக்கிற கால் அது. அன்று என் விரலில் சும்மா கிடந்தது. பால் டம்ளர் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. நான் அலறியதாக அம்மா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில் இருப்பது மழைச் சத்தம் மட்டும்தான்.

சித்தியைத் தூக்கி முன்வாசல் நடையில் கிடத்தினார்கள். குழந்தையை அத்தை மடியில் போட்டுக்கொண்டாள், யாரிடமும் தர மறுத்தாள். கால் தடுக்குகிறதென்று யாரோ கங்குச் சட்டியைக் கொல்லைக்கு எடுத்துப்போய் மழையில் வைத்துவிட்டார்கள். டாக்டர் வந்து பார்த்தபோது அறையில் கட்டிலும் திறந்த ஜன்னலும்தான் இருந்தன. பிறவியிலேயே நெஞ்சில் ஏதோ கோளாறு இருந்திருக்கலாம் என்று சொல்லித் தலைகுனிந்து போனார். சாயங்காலம் போலச் சித்தி கண் விழித்துப் பிள்ளை எங்கே என்று கேட்டாள். அத்தைதான் வாய் திறந்தாள்.

"சன்னலை எதுக்குட்டி திறந்தே? காத்து கேறிட்டுதே."

அவள் திட்டவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டாள். ஆனால் வீட்டில் அதுவே தீர்ப்பாகிவிட்டது. சித்தப்பா சித்தியோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பெரியப்பா கொத்தனாரை அழைத்து, அந்த அறையின் வெண்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார். சித்திக்கு அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. எந்த அறையில் இருந்தாலும் முதலில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறவளாக அவள் மாறிப்போனாள்.

வருஷங்கள் கழித்துப் பொறியியல் கல்லூரியில் காற்றோட்டத்தைப் பற்றி ஒரு வகுப்பு. அடைத்த அறையில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு சேரும் என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு மயக்கம். புகை வராததால் யாருக்கும் சந்தேகம் வராது என்றார். இறந்தவர்களின் தோல் சில சமயம் நல்ல சிவப்பாக இருக்கும் என்றார். என் கை பேனாவோடு அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சிவந்த கன்னங்கள் என் கண்முன் வந்தன. ஓட்டு வீட்டில் அம்மாவும் நாங்களும் பிழைத்தது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த இடுக்குகளால். மழை ஒழுகுகிறதென்று நாங்கள் சபித்த அதே இடுக்குகள். வகுப்பின் நடுவிலேயே எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து அந்த வெண்டிலேட்டர்களில் ஒன்றை உடைத்தேன். என் தொழிலில் நான் செய்த முதல் கட்டட வேலை அது. அத்தை அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். சத்தம் கேட்டு வந்த சித்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை, எல்லாம் அந்தச் சட்டிதான், ஜன்னலைத் திறந்ததால்தான் நீங்கள் பிழைத்தீர்கள் என்றேன். உண்மை தெரிந்தால் அவள் மனப்பாரம் இறங்கிவிடும் என்று நம்பினேன். பரீட்சைக்குச் சரியான விடை எழுதிவிட்ட நினைப்பு எனக்கு.

சித்தி உடைந்த ஓட்டை வழியே விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பிள்ளையை ஏன் மக்களே நான் கையில எடுத்துக்கிடாம போனேன்?"

எந்த வகுப்பிலும் யாரும் இதற்கு விடை சொல்லித் தரவில்லை.

கொத்தனார் அந்த ஓட்டையை அடைத்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் ஏணியில் நிற்க, கீழேயிருந்து செங்கல் எடுத்துக் கொடுத்தது சித்தி. பச்சை உடம்பு, வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. கடைசிக் கல் உட்கார்ந்ததும் அறையில் வெளிச்சம் மங்கிவிட்டது. சித்தி என்னை அருகில் இழுத்துத் தலையைத் தடவினாள்.

"இனி ஒண்ணும் கேறாது மக்களே."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது என்ற அளவுக்குத்தான் அன்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பதற்கு வெளியே போக ஒரு வழி வேண்டும் என்று தெரியாது.